கையை எடுத்தாலும் கண்ணை எடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கார்களின் பாதுகாப்பைப் பற்றியும், தாமாக ஓடுவதாகச் சொல்லப்படும் கார்களைப் பற்றியும் வந்துள்ள கேள்விகளுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்பவற்றை மட்டும் தேர்ந்து இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: புதிய கார் பார்க்கப் போனபோது, "இது தானாகவே ஓடும், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்று விற்பனையாளர் சொன்னார். இதை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். தனிநபர்கள் வாங்கி ஓட்டும் கார்களில் 'தானோட்டி' என்று பெயர் சூட்டி விற்கப்படும் வசதிகள் அநேகமாக எல்லாமே ஓட்டுநருக்கு உதவுபவை. ஓட்டுநரின் இடத்தில் வந்து அமர்பவை அல்ல. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014இல் முதன்முதலாக வெளியிட்ட வரையறை, இத்தொழில்நுட்பத்தைப் பூஜ்ஜியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் நிலையில் கார் தன் தடத்துக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொள்ளும், முன்னே செல்லும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் சாலையைக் கவனித்துக்கொண்டே இருக்கும் கடமை முழுவதும் மனிதருடையது. மூன்றாம் நிலையில், குறிப்பிட்ட சில சூழல்களில் மட்டும் அந்தக் கவனிப்பையும் கார் ஏற்றுக்கொள்கிறது. அது அழைத்தவுடன் மனிதர் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். நான்காம் நிலையில், வகுக்கப்பட்ட எல்லைக்குள் ஓட்டுநரே தேவையில்லை. எந்தச் சாலையிலும் எந்த வானிலையிலும் ஓடக்கூடிய ஐந்தாம் நிலைக் காரை இதுவரை யாரும் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை.

மூன்றாம் நிலைக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பதைப் பார்த்தாலே விற்பனையாளரின் பேச்சு எவ்வளவு தொலைவு போய்விட்டது என்று தெரியும். ஹோண்டா நிறுவனம் 2021இல் ஜப்பானில் வெளியிட்ட அத்தகைய கார்கள் மொத்தம் நூறுதான்; அவையும் குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டன. மெர்சிடிஸ் நிறுவனத்தின் வசதிக்கு ஜெர்மனி 2021 டிசம்பரில் அனுமதி அளித்தபோது, தடுப்புகளுடைய நெடுஞ்சாலையில், நெரிசலில், மணிக்கு 60 கிலோமீட்டர் வரை மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று எல்லை வகுக்கப்பட்டிருந்தது. விளம்பரப் படத்தில் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சாய்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து முடிவு செய்யாமல், அதே காரின் கையேட்டை வாங்கி, எச்சரிக்கைகள் அச்சிடப்பட்டுள்ள பக்கங்களைப் படியுங்கள். அங்கே வேறொரு கார் விவரிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: எட்டுப் பக்கமும் கேமரா, ரேடார் என்று பொருத்தியிருக்கிறார்களே! ஒரு சிறுவனுக்குக்கூடத் தெரியும் ஒரு லாரி அந்தக் காருக்குத் தெரியாமல் போவது எப்படி?

பதில்: பார்ப்பது வேறு, பார்த்தது இன்னதென்று அறிவது வேறு, அறிந்ததற்கு ஏற்ப நடப்பது வேறு. இந்த மூன்றில் எங்கே அறுந்தாலும் விபத்துதான்.

முதலில் கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கு எதிர்வெயில், மூடுபனி, அழிந்துபோன சாலைக்கோடு ஆகியவை பகை. லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார், கனமழையிலும் புழுதியிலும் தடுமாறும். ரேடாரின் சிக்கல் வேறு வகையானது. சாலையோரக் கம்பம், மேலே நிற்கும் அறிவிப்புப் பலகை, தரையில் பதித்த இரும்பு மூடி என நகராத பொருள்கள் ஆயிரம் அதற்குத் தென்படுகின்றன; அவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் வந்து மோதிவிடுவார். எனவே, வேகமாகச் செல்லும்போது நகராத பொருளிலிருந்து வரும் சமிக்ஞைக்குக் குறைந்த மதிப்பே கொடுக்கும்படி பல கார்களின் மென்பொருள் எழுதப்பட்டது. அதன் விளைவாக, சாலையில் நிறுத்தப்பட்டிருக்கும் வண்டியும் அந்தக் 'குறைந்த மதிப்பு'ப் பட்டியலுக்குள் விழுந்துவிடக்கூடும். விபத்து நடந்த இடத்தில் உதவிக்கு நின்றிருந்த அவசரகால வாகனங்கள்மீது டெஸ்லா கார்கள் மோதியது பற்றி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 ஆகஸ்டில் விசாரணை தொடங்கியது. அந்த விசாரணையின் தொடர்ச்சியாகவே 2023 டிசம்பரில் ஏறக்குறைய 20 லட்சம் கார்களின் மென்பொருளை அந்நிறுவனம் திருத்த வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தமும் காரின் பார்வையைப் பற்றியதாக இல்லாமல், ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று கண்காணிக்கும் முறையைப் பற்றியதாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அறிவதில் வரும் கோளாற்றுக்கு 2018 மார்ச் 18 இரவு அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதி, அவர் இறந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்தக் காரின் பதிவுகளை நொடிநொடியாக ஆராய்ந்தது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டிருந்தது. ஆனால் மென்பொருள் அவரை ஒரு முறை வாகனம் என்றது, ஒரு முறை இனந்தெரியாத பொருள் என்றது, ஒரு முறை சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றியபோதும், அதுவரை அவர் எந்தத் திசையில் நகர்ந்து வந்தார் என்ற கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. பாதசாரிகளுக்கான குறுக்குக்கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் எழுதப்படவில்லை. மோதல் உறுதி என்று தெரிந்த பின்னும், தேவையில்லாமல் பிரேக் பிடித்துவிடக் கூடாதே என்பதற்காக ஒரு விநாடி தாமதிக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. வால்வோ தயாரிப்பான அந்தச் சோதனைக் காரில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த தானியங்கி அவசரப் பிரேக்கும், சோதனைக் கருவிகளோடு முரண்படும் என்பதால், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இவற்றுள் எதுவும் கண்பார்வைக் குறை இல்லை; மேசையில் அமர்ந்து மனிதர்கள் எடுத்த முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதுதான்.

நீங்கள் கேட்ட லாரிக்கு வருகிறேன். 2016 மே 7 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் அருகே, ஓட்டுநர் உதவி வசதியில் ஓடிய ஒரு டெஸ்லா கார், குறுக்கே கடந்துகொண்டிருந்த வெள்ளை லாரியின் அடியில் புகுந்தது. 2019 மார்ச்சில் அதே மாநிலத்தின் டெல்ரே பீச்சில் ஏறத்தாழ அதே போன்ற விபத்து மீண்டும் நடந்தது. குறுக்கே செல்லும் வண்டியை இனங்காணும் வகையில் அந்த வசதி வடிவமைக்கப்படவில்லை; ஆனாலும் குறுக்குச் சாலைகள் உள்ள பாதையில் அதை இயக்கவிடாமல் கார் தடுக்கவும் இல்லை. என் பார்வையில் பெரிய குறை இரண்டாவதுதான். எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. தன் எல்லைக்கு வெளியே வந்துவிட்டதைத் தானே அறிந்து ஒதுங்காத கருவியைச் சாலையில் விடுவதை ஏற்க முடியாது.

கேள்வி: கார் தவறினால் திருத்துவதற்குத்தான் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறாரே? இரட்டைக் காவல் நல்லதுதானே?

பதில்: காகிதத்தில் இரட்டைக் காவல், நடைமுறையில் ஒவ்வொரு காவலாளியும் மற்றவரை நம்பி இருந்துவிடுவதே நடக்கிறது. எதுவும் நடக்காத ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்கு இயலாத வேலை என்பது கார்களுக்கு வெகு முன்பே தெரிந்துவிட்டது. நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர், ரேடார் திரையைக் கண்காணிப்பவர்களின் கவனத்தை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட சோதனையில், எப்போதாவது ஒரு முறை இருமடங்கு தாவும் கடிகார முள்ளைக் கண்டுசொல்லும்படி ஆட்களைக் கேட்டார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே அவர்களின் கவனம் சரியத் தொடங்கியது. 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர், எளிய வேலையை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு மிகக் கடினமான தருணத்தை மட்டும் மனிதருக்கு மிச்சம் வைப்பதில் உள்ள முரணை எடுத்துக்காட்டினார். பயிற்சி குறைந்துபோன கைக்கு, முன்னறிவிப்பின்றி, இருப்பவற்றுள் மோசமான நொடியை ஒப்படைக்கிறோம் என்பதுதான் அதன் சாரம்.

2018 மார்ச் 23 அன்று கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் ஒரு டெஸ்லா கார், சாலை இரண்டாகப் பிரியும் இடத்தின் தடுப்பை நோக்கித் தானே திரும்பியது. அப்படித் திரும்பியதில் முன்னால் சென்ற வண்டியைப் பின்தொடர்வது நின்றதும், தடுப்பின்மேல் மோதுவதற்கு முந்தைய சில விநாடிகளில் வேகத்தையும் கூட்டியது. ஓட்டுநரின் கைப்பேசியில் அப்போது ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்ததை விசாரணை கண்டறிந்தது. டெம்பி நகரக் காரில் பாதுகாப்புக்காக அமர்த்தப்பட்டிருந்தவரும் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் பலநூறு முறை சரியாக ஓடிய கார் நாளைக்கும் சரியாக ஓடும் என்று நம்பாத மனிதரை நான் பார்த்ததில்லை.

நேரக் கணக்கையும் பாருங்கள். 2025 மார்ச்சில் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில், ஷாவ்மி நிறுவனத்தின் மின்சாரக் கார் ஒன்று மணிக்கு 116 கிலோமீட்டர் வேகத்தில் உதவி வசதியுடன் சென்று, சாலைப்பணி நடந்த இடத்தை நெருங்கியது. கார் எச்சரித்தது, வேகத்தைக் குறைக்கத் தொடங்கியது, ஓட்டுநரும் பொறுப்பை ஏற்றார். இருந்தும் சில விநாடிகளில் ஏறத்தாழ 97 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் தடுப்பில் மோதி மூவர் இறந்தனர். 116 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 32 மீட்டர். மூன்றாம் நிலைக் கார்களுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் 157ஆம் எண் விதி, மனிதரை அழைத்த பிறகு குறைந்தது 10 விநாடிகள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. இரண்டாம் நிலைக் கார் அப்படி எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

ஓட்டுநரின் கண்களைக் கேமராவால் கண்காணிப்பது ஓரளவு உதவும். ஸ்டீயரிங்கில் கை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் முறை போதாது. அதில் ஒரு எடையைக் கட்டித் தொங்கவிட்டு ஏமாற்றியவர்கள் உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2024 மார்ச்சில் 14 உதவி வசதிகளின் பாதுகாப்பு அரண்களைச் சோதித்தபோது, ஒன்றே ஒன்றுதான் 'ஏற்கத்தக்கது' என்ற தரம் பெற்றது; பதினொன்று 'மோசம்' என்று மதிப்பிடப்பட்டன.

கேள்வி: மனிதர்களைவிடத் தங்கள் கார்கள் பல மடங்கு பாதுகாப்பானவை என்று நிறுவனங்கள் புள்ளிவிவரம் தருகின்றனவே?

பதில்: எந்தச் சாலையில், எந்த வானிலையில், யாருடைய உதவியோடு என்று கேட்காமல் அந்தப் புள்ளிவிவரத்தைத் தொடாதீர்கள். நல்ல நெடுஞ்சாலையில் உதவி வசதி ஓடிய மைல்களை, பழைய கார்களும் நகரத் தெருக்களும் சேர்ந்த ஒட்டுமொத்தச் சராசரியோடு ஒப்பிட்டால், எந்தக் காரும் நல்ல காராகத்தான் தெரியும். சிக்கலான இடங்களில் மனிதர் குறுக்கிட்டுக் காப்பாற்றியதெல்லாம் அந்தக் கணக்கில் காரின் வெற்றியாகவே பதிவாகியிருக்கும்.

எவ்வளவு ஓட்டினால் நிரூபணமாகும் என்பதை ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டுச் சொன்னது. தானோடும் கார்களின் உயிரிழப்பு வீதம் மனிதர் ஓட்டும் கார்களுடையதைவிட அதிகமில்லை என்று 95 சதவீத உறுதியுடன் காட்டுவதற்கே, ஓர் உயிரிழப்பும் இல்லாமல் 27.5 கோடி மைல், அதாவது சுமார் 44 கோடி கிலோமீட்டர் ஓட வேண்டும். நூறு கார்கள் இரவுபகலாக மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். அதற்குள் மென்பொருள் எத்தனை முறை மாறியிருக்கும்! பழைய மென்பொருள் ஓட்டிய தூரம் புதியதற்குச் சான்றாகுமா என்பது இன்னும் தீராத கேள்வி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகள், சைக்கிளில் செல்பவர்கள், இருசக்கர வாகன ஓட்டிகள். மனிதர் ஓட்டுவது பாதுகாப்பானது என்று வாதிட யாராலும் முடியாது. ஓட்டுநரே இல்லாத வேமோ டாக்சிகள், தாம் ஓடும் நகரங்களில் காயம் விளைவிக்கும் விபத்துகளில் மனிதரைவிடக் குறைவாகவே சிக்குகின்றன என்று அந்நிறுவனத்தின் ஆய்வுக் கட்டுரைகள் காட்டுகின்றன. ஆனால் அவை விரிவாக வரைபடமாக்கப்பட்ட எல்லைக்குள், விலையுயர்ந்த கருவிகளோடு, பின்னணியில் மனித உதவியோடு ஓடும் நான்காம் நிலை வாகனங்கள். அவற்றின் நற்பெயரை உங்கள் வீட்டுக் காரின் இரண்டாம் நிலை வசதிக்குக் கடனாகக் கொடுக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் ஓட்டுநர் இல்லாத டாக்சியில் ஏறலாம் என்கிறீர்களா?

பதில்: ஏறலாம். அரைகுறைத் தானியக்கத்தைவிட அது நேர்மையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். 'நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பயணியிடம் அது சொல்வதில்லை. ஆனால் அதன் தவறுகள் மனிதர் செய்யாத வகையில் இருக்கும். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய வேறொரு கார் மோதியதில் தூக்கி எறியப்பட்ட ஒரு பெண், குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் காரின் முன் விழுந்தார். கார் அவர்மீது மோதி நின்றது. பிறகு, விபத்துக்குப் பின் ஓரமாக ஒதுங்க வேண்டும் என்ற விதிப்படி, அடியில் சிக்கியிருந்த அவரை ஏறத்தாழ ஆறு மீட்டர் இழுத்துக்கொண்டே சென்றது. அந்த மாதமே கலிபோர்னியா அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் திட்டத்தையே கைவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பரில் பீனிக்ஸ் நகரில், பின்புறம் முன்னாக, கோணலாகக் கட்டி இழுத்துச் செல்லப்பட்ட ஒரு வண்டியின் போக்கை ஒரு வேமோ கார் தவறாகக் கணித்து மோதியது; சில நிமிடங்களில் இன்னொரு வேமோ காரும் அதே வண்டிமீது மோதியது. ஒரே மென்பொருள் என்பதால் ஒரே தவறு. திருத்தமும் அதேபோல் எல்லாக் கார்களுக்கும் ஒருசேரப் போய்ச் சேரும் என்பது உண்மைதான். அந்தத் திருத்தம் வருவதற்குள் என்னவாகும் என்பதே கவலை.

கேள்வி: விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு?

பதில்: இரண்டாம் நிலைக் காரில் முதல் பொறுப்பு உங்களுடையது. டெம்பி வழக்கில் ஊபர்மீது குற்ற வழக்கு தொடுக்கப்படவில்லை. உள்ளே அமர்ந்திருந்தவர்தான் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். காற்று இப்போது சற்றே திசை மாறுகிறது. 2019இல் புளோரிடாவில் நடந்த ஒரு விபத்து தொடர்பான உரிமையியல் வழக்கில், மயாமி நீதிமன்றத்தின் நடுவர் குழு 2025 ஆகஸ்டில் டெஸ்லாவுக்கு 33 சதவீதப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் 2024இல் இயற்றிய சட்டம், அனுமதி பெற்ற தானோட்டி முறையில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஓடிய விதத்துக்கு உள்ளே இருப்பவர் குற்றவாளி ஆகமாட்டார் என்கிறது. உங்கள் காப்பீட்டு ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: இத்தகைய கார்களை ஹேக் செய்ய முடியுமா?

பதில்: முடிந்திருக்கிறது. 2015இல் இரு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் காரை இணையம் வழியாகத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டியதால், 14 லட்சம் வாகனங்களின் மென்பொருள் திருத்தப்பட்டது. கணினிக்குள் நுழையாமலேயே ஏமாற்றவும் வழியுண்டு: 2020இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மெக்காஃபியின் ஆய்வாளர்கள், வேக வரம்புப் பலகையில் இருந்த 35 என்ற எண்மீது சிறு கறுப்பு நாடாவை ஒட்டி, ஒரு காரின் கேமராவை 85 என்று படிக்க வைத்தார்கள். சாதாரண ஓட்டுநருக்கு இது அன்றாட அபாயம் இல்லை. நிறுவனம் அனுப்பும் மென்பொருள் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் ஏற்றிக்கொண்டால் போதும்.

கேள்வி: எனக்குத் தானோட்டி எதுவும் வேண்டாம், உயிரைக் காக்கும் வசதிகள் மட்டும் போதும். எவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: சரியான வரிசையில் யோசிக்கிறீர்கள். வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கிய மூன்று முனை சீட் பெல்ட்டுக்கு ஈடான கருவி இன்றும் இல்லை. அது முன்னிருக்கையில் இருப்பவரின் உயிரிழப்பு அபாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. பின்னிருக்கையிலும் அணியுங்கள். பெல்ட் அணியாதவருக்கு ஏர்பேக் முழுப் பலன் தராது. சில வேளைகளில் காயத்தையே உண்டாக்கும். அடுத்தது, வளைவில் சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் கொடுத்துக் காரை நேராக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. மூன்றாவது, தானியங்கி அவசரப் பிரேக். முன்னே செல்லும் வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகளை இது சுமார் பாதியளவு குறைத்திருக்கிறது. இவை மூன்றும் ஓட்டுநரின் வேலையைப் பறிப்பதில்லை; அவர் தவறிய நொடியில் மட்டும் வந்து உதவிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. என் வாக்கு இவற்றுக்குத்தான்.

அவசரப் பிரேக்கையும் அளவோடு நம்புங்கள். அமெரிக்க வாகன உரிமையாளர் சங்கமான ஏஏஏ 2019இல் நடத்திய சோதனைகளில், பாதசாரியைக் கண்டு நிற்கும் வசதி இரவில் பயனற்றுப் போனது. பாதசாரிகள் பெருமளவில் இறப்பதோ இரவில்தான். 2029 செப்டம்பருக்குள் எல்லாப் புதிய கார்களிலும் இரவிலும் பாதசாரியைக் கண்டறியும் அவசரப் பிரேக் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2024இல் விதி வகுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கண்ணாடி போன்ற பெரிய தொடுதிரையில் மயங்கி, கையால் தடவியே இயக்கக்கூடிய பொத்தான்கள் இல்லாத காரை வாங்கிவிடாதீர்கள். வைப்பரை இயக்க மூன்று பட்டியல்களுக்குள் புகுந்து தேட வேண்டியிருந்தால், அத்தனை நேரமும் கண் சாலையில் இருக்காது. கார்களுக்கு மோதல் சோதனை நடத்தித் தரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பும், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் முதலியவற்றுக்குத் தனிப் பொத்தான் வைக்கும் கார்களுக்கு 2026 முதல் மதிப்பெண்ணில் சலுகை தருகிறது.

கேள்வி: என் காரின் முன்கண்ணாடி கல்பட்டு உடைந்ததால் வெளிக் கடையில் மாற்றினேன். அதன் பிறகு கார் தடத்தின் ஓரமாகவே போக விரும்புகிறது. கண்ணாடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. தடத்தைக் கவனிக்கும் கேமரா, பல கார்களில், பின்னால் வருவதைக் காட்டும் உட்புறக் கண்ணாடிக்குப் பின்னே முன்கண்ணாடியோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். கண்ணாடியை மாற்றியபின் அந்தக் கேமராவை மறுபடி அளவுத்திருத்தம் செய்யாவிட்டால், அது ஒரு பாகை அளவுக்குச் சாய்ந்திருந்தாலும், நூறு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர் பிழை வரும். அது பாதித் தடம். எச்சரிக்கை விளக்கு எரியாததால் எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் அளவுத்திருத்தம் செய்து, செய்ததற்கான எழுத்துச் சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை, காரைத் தடத்துக்குள் வைத்திருக்கும் தடக் காப்பு வசதியை அணைத்து வையுங்கள். அதே கேமராதான் பல கார்களில் அவசரப் பிரேக்குக்கும் கண்ணாக இருப்பதால், இந்த வேலையை அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போட வேண்டாம்.